பழைய பங்கு விலைத் தரவு: இலவசமாக எங்கே கிடைக்கிறது, எங்கே கணக்கு பிசகுகிறது

2024-இல் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. ஜூலை 8 முதல் தேசியப் பங்குச் சந்தை (என்எஸ்இ) தன் அன்றாட விலைக் கோப்பின் அமைப்பை மாற்றிவிட்டது. செப்டம்பரில் யாஹூ ஃபைனான்ஸ் தளத்தில் பழைய விலைகளைத் தரவிறக்கும் வசதி கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று ஆனது. எக்செல் தாளிலும் சின்னச் சின்ன பைத்தான் நிரல்களிலும் வருடக்கணக்கில் ஓடிய கணக்குகள் இதனால் நின்றுபோயின. இனி காசு கொடுக்காமல் பழைய விலை கிடைக்காதா என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை.

கிடைக்கும். இந்தியச் சந்தையைப் பொறுத்தவரை, மூல விலைகளைச் சந்தையே இலவசமாகத் தருகிறது. போனஸ் (இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு), பங்குப் பிரிப்பு (ஒரு பங்கைப் பலவாக்குவது), டிவிடெண்ட் (பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம்), பெயர் மாற்றம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத் திருத்திய விலைக்குத்தான் காசு. அந்தத் திருத்தத்தை நாமே செய்யலாம். செய்யத் தெரியாமல் இலவசத் தரவைக் கையில் எடுப்பதுதான் ஆபத்து.

## ஒரே பங்குக்கு மூன்று விலைகள்

"2010-இல் டைட்டன் விலை என்ன?" என்ற கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு, மூன்றும் சரி.

1. மூல விலை: அன்று சந்தையில் உண்மையில் கைமாறிய விலை.
2. பிரிப்பு, போனஸ் திருத்திய விலை: ஓசூரில் தொழிற்சாலை உள்ள டைட்டன், 2011 ஜூனில் 10 ரூபாய் முக மதிப்புப் பங்கை 1 ரூபாயாகப் பிரித்து, கூடவே 1:1 போனஸும் கொடுத்தது. ஒரு பங்கு வைத்திருந்தவர் கையில் 20 பங்குகள் ஆயின. ஆகவே இன்றைய விலையோடு ஒப்பிட, அதற்கு முந்தைய விலைகளை எல்லாம் 20-ஆல் வகுக்க வேண்டும்.
3. டிவிடெண்டும் சேர்த்துத் திருத்திய விலை: வழியில் கிடைத்த டிவிடெண்டை அதே பங்கில் மறுமுதலீடு செய்ததாக வைத்துப் பின்னோக்கிக் குறைத்த விலை.

மொத்த வருமானம் கணக்கிட மூன்றாவது வேண்டும். வரைபடம் பார்க்க இரண்டாவது போதும். "அன்று 100 ரூபாய்க்குக் கீழே விற்ற பங்குகள்" என்று வடிகட்ட முதலாவதுதான் சரி. திருத்திய விலையில் அப்படி வடிகட்டினால், பின்னாளில் போனஸாக அள்ளிக் கொடுத்த பங்குகளே பட்டியலில் வந்து நிற்கும். வருங்காலம் தெரிந்தவர் பரீட்சை எழுதிய மாதிரிதான் அந்த முடிவு இருக்கும்.

## மூல ஊற்று: பவ்காபி

சந்தை மூடியபின் என்எஸ்இயும் மும்பைப் பங்குச் சந்தையான பிஎஸ்இயும் தினமும் வெளியிடும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்புக்குப் பெயர் பவ்காபி. அன்று வர்த்தகமான ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வரி: தொடக்க, உச்ச, தாழ்ந்த, முடிவு விலைகள், கைமாறிய எண்ணிக்கை, மதிப்பு. என்எஸ்இயில் பங்கு வர்த்தகம் தொடங்கியது 1994 நவம்பரில். பழைய கோப்புகள் தளத்தின் அறிக்கைப் பகுதியிலும் காப்பகத்திலும் இருக்கின்றன.

கோப்பைத் திறந்ததும் கவனிக்க வேண்டியவை:

குளோஸ் வேறு, லாஸ்ட் வேறு. பவ்காபியில் உள்ள முடிவு விலை கடைசி வர்த்தகத்தின் விலை அல்ல. பிற்பகல் 3 முதல் 3.30 வரை நடந்த வர்த்தகங்களை எண்ணிக்கையால் எடையிட்டு எடுத்த சராசரி அது. கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை லாஸ்ட் என்ற தனி நெடுவரிசையில் இருக்கும். வேறொரு தளத்தின் விலையோடு ஒப்பிடும்போது ஐந்து காசு, ஒரு ரூபாய் என்று வித்தியாசம் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சீரீஸ். பங்கு எந்த வகை வர்த்தகத்தில் இருக்கிறது என்று காட்டும் குறி இது. சாதாரணப் பங்குகள் இக்யூ (EQ) என்ற சீரீஸில் இருக்கும். கண்காணிப்புக்கு உள்ளாகும் பங்கைச் சந்தை பிஇ (BE) சீரீஸுக்கு மாற்றும். அங்கே அன்றே வாங்கி அன்றே விற்க முடியாது, டெலிவரி, அதாவது பங்கைத் தன் கணக்கில் பெறுவது, கட்டாயம். பலரும் இக்யூ வரிகளை மட்டும் வடிகட்டி எடுத்து, பங்கின் வரலாற்றில் மூன்று மாதம் ஓட்டை விழுந்திருப்பதைக் கண்டு தரவு கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்த மூன்று மாதமும் பங்கு பிஇ-யில் இருந்திருக்கும். அதேபோன்ற பிஇசட் (BZ) சீரீஸையும் சேர்த்தே எடுங்கள்.

டெலிவரி உள்ள கோப்பு. எத்தனை பங்குகள் டெலிவரிக்குப் போயின என்ற விவரத்தோடு இன்னொரு முழுக் கோப்பும் வருகிறது. பயனுள்ளது, ஆனால் மூன்று இடத்தில் இடறும். நெடுவரிசைப் பெயர்களுக்கும் மதிப்புகளுக்கும் முன்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்காமல் "இக்யூ" என்று தேடினால் ஒரு வரிகூட வராது. டெலிவரி விவரம் இல்லாத வரிகளில் எண்ணுக்குப் பதில் சிறுகோடு இருக்கும். அதனால் நெடுவரிசை முழுவதும் எழுத்தாகப் படிக்கப்படும். வர்த்தக மதிப்பு இங்கே லட்சத்தில் இருக்கும், சாதாரண பவ்காபியில் ரூபாயில் இருக்கும்.

2024 ஜூலை 8 என்ற எல்லைக் கோடு. அன்று முதல் கோப்பின் பெயர், நெடுவரிசைப் பெயர்கள், தேதி எழுதும் முறை மூன்றும் வேறு. முன்பு நாள், மூன்றெழுத்து மாதம், ஆண்டு என்று இருந்த தேதி இப்போது ஆண்டு, மாதம், நாள் என்று எண்ணில் வருகிறது. பழையதற்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என இரண்டு வாசிப்பு நிரல்கள் எழுதி, இரண்டையும் நீங்கள் வகுத்த ஒரே அட்டவணையில் கொட்டுவதே நல்ல வழி.

தரவிறக்கும்போது, நிரலிலிருந்து நேரடியாகக் கேட்டால் தளம் மறுப்பதோ பதிலே தராமல் நிற்பதோ உண்டு. உலாவி அனுப்புவது போன்ற தலைப்புகளோடு முதலில் முகப்புப் பக்கத்தைத் திறந்து, அங்கே கிடைக்கும் குக்கியோடு கோப்பைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ஆண்டுக்குச் சுமார் 250 வர்த்தக நாள் என்றால் 20 ஆண்டுக்கு 5,000 கோப்புகள். கோப்புக்கு இரண்டு விநாடி இடைவெளி விட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அவசரப்பட வேண்டியதில்லை. எம்&எம் போன்ற பெயர்களில் உள்ள & குறியை இணைய முகவரியில் %26 என்று மாற்றாவிட்டால் அந்தப் பங்குக்கு மட்டும் வெறும் பதில் வரும்.

எந்தெந்த நாள் சந்தை திறந்திருந்தது என்பதை நாட்காட்டியை வைத்து ஊகிக்காதீர்கள். 2020 பிப்ரவரி 1, 2024 மார்ச் 2, 2024 மே 18 எல்லாமே சனிக்கிழமை, எல்லாமே வர்த்தக நாள். தீபாவளி முகூர்த்த வர்த்தகம் ஞாயிறிலும் வந்திருக்கிறது. என்எஸ்இயின் முக்கியக் குறியீட்டெண்ணான நிஃப்டியின் அன்றாட மதிப்புப் பட்டியலில் உள்ள தேதிகளையே நாட்காட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

## திருத்தம் செய்யும் முறை

பவ்காபி முழுக்க மூல விலை. அதைத் திருத்த நான்கு படிகள்.

1. நிகழ்வுப் பட்டியலை எடுங்கள். நிறுவன நடவடிக்கைகள் என்ற பகுதியில் போனஸ், பிரிப்பு, டிவிடெண்ட், உரிமைப் பங்கு (இருக்கும் பங்குதாரர்களுக்கு விற்கும் புதிய பங்கு) எல்லாம் தேதியோடு கிடைக்கும். என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள். விவரம் மனிதர் எழுதிய வாசகமாக இருக்கும். பழைய வரிகளில் டிவிடெண்ட் ரூபாயில் இல்லாமல் சதவீதத்தில் இருக்கும். அது முக மதிப்பின் சதவீதம். 1 ரூபாய் முக மதிப்புக்கு 400 சதவீதம் என்றால் 4 ரூபாய்.

2. எக்ஸ் தேதியைப் பிடியுங்கள், ரெக்கார்டு தேதியை அல்ல. போனஸோ டிவிடெண்டோ கிடைக்காத நிலையில் பங்கு வர்த்தகமாகும் முதல் நாள்தான் எக்ஸ் தேதி, விலை குறைவது அன்றுதான். யாருக்குத் தருவது என்று நிறுவனம் பங்குதாரர் பட்டியலைப் பார்க்கும் நாள் ரெக்கார்டு தேதி. வர்த்தகமான பங்குக்கும் பணத்துக்கும் மறு வேலை நாளிலேயே பட்டுவாடா முடியும் முறைக்குச் சந்தை முழுவதும் மாறியது 2023 ஜனவரி 27-இல். இப்போது இரண்டும் ஒரே நாளில் வருகின்றன. அதற்கு முந்தைய முறையில் எக்ஸ் தேதி ஒரு வேலை நாள் முன்னதாக வரும். தேதியை மாற்றிப் போட்டால் 1:1 போனஸ் பங்கு ஒருநாள் 50 சதவீதம் விழுந்து மறுநாள் 100 சதவீதம் ஏறியதாகக் காட்டும். வருடச் சராசரியில் இது தெரியாது. ஏற்ற இறக்கத்தை அளக்கும்போது கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

3. காரணியை, அதாவது பழைய விலையைப் பெருக்க வேண்டிய எண்ணைக் கணக்கிடுங்கள்.
 - பிரிப்பு: புதிய முக மதிப்பு ÷ பழைய முக மதிப்பு. 10 ரூபாய் 1 ரூபாய் ஆனால் 0.1.
 - போனஸ்: இந்தியாவில் 1:2 என்றால் இரண்டு பங்குக்கு ஒன்று இலவசம். இரண்டு பங்கு மூன்று பங்கு ஆவதால் காரணி 2 ÷ 3.
 - டிவிடெண்ட்: 1 − (டிவிடெண்ட் ÷ முந்தைய நாள் முடிவு விலை). 500 ரூபாய்ப் பங்குக்கு 10 ரூபாய் என்றால் 0.98.
 - டீமெர்ஜர் (நிறுவனத்தின் ஒரு பகுதி தனி நிறுவனமாகப் பிரிவது): இதற்குச் சூத்திரம் கிடையாது, அன்று சந்தை சொன்ன விலைதான் கணக்கு. 2023 ஜூலை 20-இல் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தது. முந்தைய நாள் முடிவு 2,841.85 ரூபாய். காலையில் நடந்த சிறப்பு அமர்வில் நிர்ணயமான விலை 2,580. இடையில் உள்ள 261.85 ரூபாய் ஜியோ பங்கின் மதிப்பு. காரணி 2,580 ÷ 2,841.85, அதாவது 0.9079. இதைத் திருத்தாத தரவில் ரிலையன்ஸ் ஒரே நாளில் 9.2 சதவீதம் விழுந்ததாக இருக்கும்.

4. பின்னோக்கிப் பெருக்குங்கள். எக்ஸ் தேதிக்கு முந்தைய எல்லா விலைகளையும் காரணியால் பெருக்க வேண்டும். பல நிகழ்வுகள் இருந்தால் காரணிகளை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே பின்னால் போக வேண்டும். பிரிப்புக்கும் போனஸுக்கும் மட்டும் கைமாறிய பங்கு எண்ணிக்கையை அதே காரணியால் வகுக்க வேண்டும், டிவிடெண்டுக்குக் கூடாது.

விட்டுப்போன நிகழ்வைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எஃப் அண்ட் ஓ (முன்பேர ஒப்பந்த வர்த்தகம்) பிரிவில் இல்லாத பங்குகளுக்குத் தினசரி விலை வரம்பு அதிகபட்சம் 20 சதவீதம். அத்தகைய பங்கு ஒரே நாளில் அதற்கும் மேல் விழுந்திருந்தால், பெரும்பாலும் அது நீங்கள் திருத்த மறந்த போனஸோ பிரிப்போ டீமெர்ஜரோதான்.

டிவிடெண்ட் திருத்திய விலை ஒருபோதும் நிலையாக இருக்காது. புதிய டிவிடெண்ட் வரும்போதெல்லாம் பழைய விலைகள் அத்தனையும் மாறும். போன மாதம் இறக்கிய திருத்திய விலைகளின் அடியில் இந்த மாதத்தை ஒட்டினால், ஒட்டிய இடத்தில் பொய்யான இறக்கமோ ஏற்றமோ முளைக்கும். மூல விலையையும் காரணிகளையும் தனித்தனியாகச் சேமித்து, வேண்டும்போது பெருக்கிக்கொள்வதே பாதுகாப்பு.

## பெயர் மாறும், எண்ணும் மாறும்

பங்கின் குறியீட்டுப் பெயர் நிரந்தரமல்ல. இன்ஃபோசிஸ் 2011 வரை இன்ஃபோசிஸ்டெக் என்ற நீண்ட குறியீட்டில் இருந்து, பிறகு இன்ஃபி ஆனது. ஜொமேட்டோ 2025-இல் எட்டர்னல் ஆனது. குறியீட்டு மாற்றங்களின் பட்டியலையும் என்எஸ்இ தனிக் கோப்பாகத் தருகிறது.

அப்படியானால் ஒவ்வொரு பங்குக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐசின் எண்ணை வைத்து இணைக்கலாமே என்று தோன்றும். முக மதிப்பு மாறினால் அதுவும் மாறிவிடும். 2019 செப்டம்பரில் எச்டிஎஃப்சி வங்கி 2 ரூபாய்ப் பங்கை 1 ரூபாயாகப் பிரித்தபோது அதன் ஐசின் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் 026-இலிருந்து 034 ஆயின. ஆகவே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நீங்களே ஒரு நிரந்தர எண் கொடுத்து, "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்தக் குறியீடு, இந்த ஐசின்" என்று ஓர் இணைப்பு அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் பத்து ஆண்டு தாண்டிய எந்த ஆய்வும் நிற்காது.

## பட்டியலில் இல்லாமல் போனவர்கள்

இலவசத் தரவில் அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. இன்றைய நிஃப்டி 500 பட்டியலை எடுத்து, அந்தப் பங்குகளின் 15 ஆண்டு விலைகளை இறக்கி, ஒரு முதலீட்டு முறையைச் சோதித்துப் பார்த்தால் அருமையான லாபம் வரும். காரணம், தோற்றவர்கள் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை.

1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பர் 17-இல் ரிசர்வ் வங்கி அதன்மீது தடை விதித்தது. நவம்பர் 27-இல் அது டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைந்தது. பங்கு மூலதனம் முழுவதும் அழிக்கப்பட்டது. பங்குதாரர்களுக்கு ஒரு பைசாவும் கிடைக்கவில்லை. "மலிவான தனியார் வங்கிப் பங்குகளை வாங்கு" என்ற விதியை 2018-இலிருந்து சோதிப்பவர் தரவில் இந்த வங்கி இல்லையென்றால், அவர் சோதிப்பது நடக்காத ஒரு வரலாற்றை.

பவ்காபியின் பெரிய பலம் இங்கேதான். 2018-ஆம் ஆண்டின் கோப்பு அன்றே எழுதப்பட்டது, பின்னால் என்ன ஆனது என்பது அதற்குத் தெரியாது. அன்று வர்த்தகமான எல்லாப் பங்கும் அதில் இருக்கும்.

ஆனாலும் ஒரு பங்கின் வரிசை எங்கே நிற்கிறதோ, அங்கே ஏன் நின்றது என்று கையால் பார்க்க வேண்டும். லட்சுமி விலாஸ் வங்கியின் கடைசி விலை சில ரூபாய். நிரல் அந்த விலைக்கு விற்றதாக எடுத்துக்கொள்ளும், உண்மையில் கிடைத்தது பூஜ்ஜியம். எச்டிஎஃப்சி நிறுவனத்தின் விலையும் 2023 ஜூலையில் நிற்கிறது, ஆனால் அது நஷ்டமே அல்ல: 25 பங்குக்கு எச்டிஎஃப்சி வங்கியின் 42 பங்குகள் கிடைத்தன. இரண்டும் கோப்பில் ஒரே மாதிரிதான் தெரியும்.

நிஃப்டி போன்ற குறியீட்டெண்ணில் அன்று யார் இருந்தார்கள் என்பதை அறிய, மார்ச், செப்டம்பர் மாதங்களையொட்டி வரும் மாற்ற அறிவிப்புகளை இன்றிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே போகலாம். இணையக் காப்பகத்தில் சில தேதிகளின் பழைய பட்டியல் கோப்புகள் இருக்கின்றன. கழித்து வந்த பட்டியலைச் சரிபார்க்க அவை உதவும்.

## குறியீட்டெண்கள்

நிஃப்டி குறியீட்டெண்களின் வரலாறு அதற்குரிய தளத்தில் இலவசம். நிஃப்டி 50-இன் அடிப்படைத் தேதி 1995 நவம்பர் 3, அடிப்படை மதிப்பு 1,000. அதன் பெயரும் மாறி வந்திருக்கிறது: எஸ் அண்ட் பி சிஎன்எக்ஸ் நிஃப்டி, சிஎன்எக்ஸ் நிஃப்டி, 2015 நவம்பர் முதல் நிஃப்டி 50. பெயரை வைத்துத் தேடினால் 2015-க்கு முந்தைய வரிகள் விட்டுப்போகும். பிஎஸ்இயின் குறியீட்டெண்ணான சென்செக்ஸுக்கு அடிப்படை 1978-79 = 100; அதன் வரலாறு பிஎஸ்இ தளத்தில்.

வெளியே நாம் கேட்கும் நிஃப்டி மதிப்பில் டிவிடெண்ட் சேராது. அதைச் சேர்த்த மொத்த வருமானக் குறியீட்டெண் (டிஆர்ஐ) அதே தளத்தில் தனியாக, 1999 ஜூன் 30 முதல் கிடைக்கிறது. ஃபண்டின் வருமானத்தை வெறும் நிஃப்டியோடு ஒப்பிட்டால் ஃபண்ட் தகுதிக்கு மேல் நன்றாகத் தெரியும். 2018 பிப்ரவரி முதல் ஃபண்டுகள் டிஆர்ஐயோடுதான் ஒப்பிட வேண்டும் என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியதும் இதனால்தான்.

இன்னொரு முறிவு பிஇ (PE) விகிதத்தில், அதாவது விலையை லாபத்தால் வகுத்து வரும் எண்ணில். 2021 மார்ச் 31 முதல் நிஃப்டி பிஇ, தனி நிறுவன லாபத்துக்குப் பதில் துணை நிறுவனங்களையும் சேர்த்த லாபத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 40-க்கு மேல் இருந்த விகிதம் ஒரே நாளில் 33 அளவுக்கு வந்தது. சந்தை அந்த அளவுக்கு விழவில்லை, அளவுகோல் மாறியது. "20 ஆண்டுச் சராசரி பிஇ" என்று இரண்டையும் கலந்து போடும் எந்த வரைபடத்தையும் நம்ப வேண்டாம்.

## ஃபண்ட், நாணயம், வெளிநாடு

மியூச்சுவல் ஃபண்ட் என்ஏவி (ஒரு யூனிட்டின் மதிப்பு) வரலாறு ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் 2006 ஏப்ரல் முதல் உண்டு; ஒரு முறைக்கு அதிகபட்சம் 90 நாள். அரைப்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக வரும். டிவிடெண்ட் தராத குரோத் திட்டத்தின் என்ஏவியையே எடுங்கள். டிவிடெண்ட் திட்டத்தில் ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் மதிப்பு குறையும். இடைத்தரகர் இல்லாமல் வாங்கும் டைரக்ட் திட்டங்கள் பிறந்ததே 2013 ஜனவரி 1-இல். அதற்கு முன் தேடிப் பயனில்லை.

ரூபாய் மதிப்பு, கருவூலப் பத்திர வட்டி, பணவீக்கம் போன்றவற்றுக்கு ரிசர்வ் வங்கியின் தரவுத்தளம் போதும். நாணயக் குறிப்பு விகிதத்தை 2018 ஜூலை 10 முதல் எஃப்பிஐஎல் என்ற நிறுவனம் வெளியிடுகிறது.

அமெரிக்கத் தரவுக்குச் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஃப்ரெட் தளம் சிறந்தது: பத்தாண்டு கருவூல வட்டி 1962 முதல், ரூபாய்-டாலர் 1973 முதல். ஆனால் அமெரிக்கப் பங்குக் குறியீட்டெண்ணான எஸ் அண்ட் பி 500 உரிமக் கட்டுப்பாட்டால் கடைசிப் பத்து ஆண்டு மட்டுமே. இன்னும் பின்னால் போகப் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஷில்லரின் கோப்பு 1871 முதல் உண்டு; அதில் மாத விலை மாதக் கடைசி விலை அல்ல, மாதம் முழுவதன் சராசரி. அதை வைத்து ஏற்ற இறக்கத்தை அளந்தால் உண்மையைவிடக் குறைவாக வரும். நிறுவனத்தின் அளவு, மலிவு போன்ற தன்மைகள் (இவற்றையும் காரணி என்பார்கள்) தந்த வருமானத்தைத் தொகுக்கும் கென்னத் ஃபிரெஞ்ச் தரவு நூலகம் 1926 ஜூலையில் தொடங்குகிறது. இதே வகைக் காரணி வருமானங்களை இந்தியச் சந்தைக்கு ஐஐஎம் அகமதாபாத் இலவசமாக வெளியிடுகிறது. தெரிந்தவர் குறைவு, அதனாலேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

## யாஹூவும் கூகுளும் இப்போது எதற்கு?

சரிபார்க்க. யாஹூ பக்கத்தில் விலைகளை இன்னும் பார்க்க முடிகிறது. ஒய்ஃபைனான்ஸ் என்ற பைத்தான் நூலகமும் இயங்குகிறது. அது யாஹூவின் அதிகாரபூர்வ வெளியீடு அல்ல, எந்த நாளும் நிற்கலாம். யாஹூ தளத்தில் குளோஸ் என்பது பிரிப்பு திருத்தியது; அட்ஜஸ்டட் குளோஸ் டிவிடெண்டும் திருத்தியது. நூலகத்தின் புதிய பதிப்புகளில் தானியங்கித் திருத்தம் இயல்பாகவே இயங்குவதால், குளோஸ் என்ற பெயரிலேயே டிவிடெண்ட் திருத்திய விலை வருகிறது. பழைய நிரலை அப்படியே ஓட்டுபவர்கள் டிவிடெண்டை இருமுறை கணக்கிட்டுவிடுவது இதனால்தான். ஒரு நிமிட விலைகள் சமீபத்திய 30 நாளுக்கு மட்டும், அதுவும் ஒரு முறைக்குச் சில நாட்களாக. ஐந்து நிமிட விலைகள் 60 நாள். ஒரு மணி நேர விலைகள் 730 நாள்.

கூகுள் ஷீட்ஸில் உள்ள கூகுள்ஃபைனான்ஸ் சூத்திரம் ஒரு பங்கைப் பார்க்க வசதி. அது தரும் தேதியோடு 15:30 என்ற நேரமும் ஒட்டியிருக்கும். முழு எண்ணாக்கும் சூத்திரத்தால் நேரத்தை வெட்டாவிட்டால் பவ்காபி தேதியோடு பொருந்தாது.

ஒப்பிடும்போது விலையை ஒப்பிடாதீர்கள், தினசரி சதவீத மாற்றத்தை ஒப்பிடுங்கள். நீங்கள் திருத்திய வரிசைக்கும் யாஹூவுக்கும் ஒரு சதவீதத்துக்கு மேல் வேறுபடும் நாட்களை மட்டும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் நிகழ்வுப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். பாதி இடத்தில் தவறு உங்களுடையதாக இருக்கலாம், மீதியில் யாஹூவுடையதாக.

விசித்திரமாகத் தெரியும் எல்லாமே பிழை அல்ல. 2012 அக்டோபர் 5-இல் தவறான ஆர்டர்களால் நிஃப்டி சில நொடிகளில் 900 புள்ளிகள் போலச் சரிந்து மீண்டது. அன்றைய தாழ்ந்த விலை உண்மையில் நடந்த விலை, அதை அழிக்கக் கூடாது. 2021 பிப்ரவரி 24-இல் தொழில்நுட்பக் கோளாறால் என்எஸ்இ நின்று, மாலை 5 மணி வரை வர்த்தகம் நீண்டது, நிமிட விலைகளில் 3.30-க்குப் பிந்தைய வரிகளை வெட்டும் நிரல் அன்றைய வர்த்தகத்தில் ஒரு பெரும் பகுதியைத் தொலைத்துவிடும். இத்தகைய நாட்களைத் தேதியும் காரணமும் போட்டுத் தனிக் கோப்பில் எழுதி, விலைக் கோப்புகளோடு சேர்த்தே வைத்திருங்கள்.